புகையை வேலை வாங்கிய வரலாறு
(டர்போவும் சிறு முதலாளரும்)

மலாய் மொழியில் ரூசா என்றால் மான். காஞ்சில் என்றால் சருகுமான். போர்ட்டிக்சன் வட்டாரத்தில் மானின் பெயர் கொண்ட சி ரூசாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும், சருகுமானின் பெயர் கொண்ட சிறு மோட்டார் வண்டி எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வண்டியாக வாய்த்தது. அவ்வண்டிக்கும், அதனினும் சற்றுப் பெரிய புரோட்டோன் வண்டிகளுக்கும், டர்போ என்னும் கருவியைப் பூட்டி வலிமை கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற வேட்கை நம் இளைஞரிடையே ஒரு தலைமுறைக் காலமாக இருந்து வருகிறது. கைப்பொருளோ குறைவு, ஆசையோ பெரிது. எதை வாங்குவது, எதை விடுவது என்பதில் தவறு நேர்ந்தால் பல மாதச் சம்பளம் ஒரே நாளில் புகையாய்ப் போகும்; சில வேளைகளில் உயிரும் போகும்.

இவ்வினாவிற்கு விடை பட்டறையில் மட்டும் இல்லை, வரலாற்றிலும் இருக்கிறது. டர்போவின் நூற்றிருபது ஆண்டுக் கதையை வரிசையாக நோக்கினால் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தலைகாட்டக் காணலாம். கருவி தீயதாக இருந்ததால் இழந்தவர் சிலர். கருவியை மட்டும் வாங்கி, அதற்குத் துணையாக வேண்டியவற்றை வாங்காமல் விட்டதால் இழந்தவரோ பலர். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பால்மரமும் மோட்டாரும்

மோட்டார் வண்டிக்கும் தோட்டத் தமிழருக்கும் உள்ள உறவு பழையது. 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, பால்மரத்தைப் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தி வந்தார். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் அதனை வாணிக முறையில் பயிரிட்டார். அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வண்டி பெருகியது. அதன் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. நெகிரி செம்பிலான் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்ததும், தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்து பால் வெட்டியதும் அவ்வண்டியின் பொருட்டே எனலாம்.

சக்கரத்திற்கு உறை தந்தவர் வண்டியில் ஏறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994 ஆகஸ்டில் பெரோடுவா காஞ்சிலும் வெளிவந்தன. இதற்குள் பால்மரம் குறைந்து செம்பனை மிகுந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிள்ளைகள் சிரம்பானுக்கும் அதற்கு அப்பாலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்லலாயினர். அவர்களுக்கு வண்டி ஆடம்பரமன்று; பிழைப்பு. பிழைப்புக்கான அந்த வண்டியையே விரைவு வண்டியாகவும் ஆக்க முற்படும்போதுதான் நம் சிக்கல் தொடங்குகிறது.

டர்போ என்பது யாது?

பெட்ரோல் தானே எரிவதில்லை. காற்றோடு சேர்ந்தே எரிகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே இயந்திரத்தின் வலிமைக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் எண்ணெயன்று, காற்றே. சிலிண்டரைப் பெரிதாக்கினால் மிகுந்த காற்று புகும். இஃது ஒரு வழி. சிலிண்டரை மாற்றாமல் காற்றை அமுக்கித் திணித்தல் மற்றொரு வழி.

அமுக்குவதற்கு ஆற்றல் வேண்டுமே, அஃது எங்கிருந்து வரும்? எரிந்த பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகச் சைலன்சர் வழியே வெளியேறி வீணாகிறது. அப்புகை செல்லும் வழியில் ஒரு சுழல் சக்கரத்தை வைத்து, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அமுக்கும் மற்றொரு சக்கரத்தை வைத்தால், வீணாகும் புகையே காற்றைத் திணிக்கும் வேலையைச் செய்துவிடும். இதுவே டர்போ. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. அத்தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. பெட்ரோல் இயந்திரத்தின் புகையோ 900 பாகைக்கு மேல் கொதிக்கக்கூடியது.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

இக்கருத்தை முதலில் முறையாக வகுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி. 1905-ஆம் ஆண்டிலேயே அவர் காப்புரிமை பெற விண்ணப்பித்தார். வின்டர்தூர் நகரத்துச் சுல்சர் தொழிற்சாலையில் பணியாற்றிய அவர் அங்கே பல சோதனைகளை நடத்தினார். ஆனால் அந்தச் சூட்டையும் சுழற்சியையும் தாங்கும் உலோகம் அந்நாளில் இல்லை. 1920-களின் நடுவில்தான் இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் அவர் முறை பயனுக்கு வந்தது. அவற்றின் டீசல் இயந்திரங்கள் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தன. கருத்துத் தோன்றிய நாளுக்கும் அது பலன் தந்த நாளுக்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. குறை கருத்தில் இல்லை. அதனைச் சுமக்க வேண்டிய பொருளில் இருந்தது.

வானூர்தி வல்லுநர் இதனை வேறொரு தேவைக்கு எடுத்தாண்டனர். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. இயந்திரம் மூச்சுத் திணறுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ரத்தோ என்பவரும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்போர்டு மாஸ் என்பவரும் இதில் முனைந்தனர். 1918-ஆம் ஆண்டில் மாஸ், 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஒரு வானூர்தி இயந்திரத்தை ஏற்றிச் சென்று, டர்போ இருந்தால் மலை உச்சியிலும் தரைமட்ட வலிமை கிட்டும் என்று மெய்ப்பித்தார்.

இரண்டாம் உலகப் போரில் டர்போ மலாயாவின் வானத்திற்கும் வந்தது. 1944 நவம்பர் 5-ஆம் நாள் வங்காளத்துக் கரக்பூர்த் தளத்திலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 குண்டு வானூர்திகள், ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைத் தாக்கின. அவ்வூர்தி ஒவ்வொன்றிலும் நான்கு இயந்திரங்கள்; இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டர்போக்கள். அன்று தோட்டங்களில் பசியோடு நின்று அண்ணாந்து பார்த்தவர் எவரும், அந்தக் கருவியைத் தம் பேரப்பிள்ளைகள் வண்டியில் பூட்டுவர் என்று கனவும் கண்டிருக்கமாட்டார்.

நிரப்பாமல் விட்ட தொட்டி

சாலையில் ஓடும் பயணி வண்டிக்கு டர்போ தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது 1962-ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் செவர்லே கார்வேரும் அவ்வாண்டு வந்த இரண்டு வண்டிகள். இவற்றுள் ஜெட்ஃபயரின் கதை நமக்குப் பெரிய பாடம்.

காற்றை அமுக்கினால் அது சூடேறும். சூடேறிய கலவை, பொறி எழுவதற்கு முன்போ முறை தவறியோ சிலிண்டருக்குள் தானே வெடிக்கும். நம் போமென்கள் நாக்கிங் என்று சொல்லும் தட்டல் இதுவே. சிறிது நேரத்தில் பிஸ்டனை உடைக்க வல்லது இது. ஜெட்ஃபயரின் இயந்திரம் முன்னமே 10.25 மடங்கு அமுக்கும் இயல்புடையது. தட்டலை அடக்கும் பொருட்டு, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இயந்திரத்துள் சிறுகச் சிறுகச் செலுத்தினர். அதற்கென ஒரு தனித் தொட்டி. வண்டிக்காரர் அதனை அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. தொட்டி வற்றினால் டர்போவின் அழுத்தத்தைத் தடுத்துவிடும் அமைப்பும் இருந்தது. ஆகவே வண்டி சோர்ந்தது, முறையீடு பெருகியது. இரண்டே ஆண்டுகளில், பத்தாயிரத்திற்கும் குறைவான வண்டிகளோடு உற்பத்தி நின்றது. பின்னர்ப் பல வண்டிகளிலிருந்து டர்போவைக் கழற்றியே விட்டனர். வலிமையை வாங்கியவர் அதன் பராமரிப்பை வாங்கவில்லை என்பதே இதன் பொருள்.

இதற்கு நேர்மாறான பாடத்தைத் தந்தது சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம். 1977-ஆம் ஆண்டில் அது காட்சிக்கு வைத்த சாப் 99 டர்போவில் உச்ச வேகம் குறிக்கோளன்று; அன்றாட ஓட்டமே குறிக்கோள். ஆகவே விரைவில் சுழலெடுக்கும் டர்போவைத் தேர்ந்து, அழுத்தம் அளவை மீறாதபடி மிகைப்புகையை வேறு வழியில் விடும் கதவையும் அமைத்தனர். 1980-களின் தொடக்கத்தில், தட்டல் ஒலியைத் தானே கேட்டு அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் மின்னணு முறையையும் சேர்த்தனர். ஒரே கருவி ஜெட்ஃபயரில் தோற்று, சாபில் வென்றது. வேறுபாடு பொருத்தத்தில் இருந்தது.

ஜப்பானின் பாதி வண்டி

ஜப்பானில் சிறு வண்டிகளுக்குத் தனிச் சட்டமும் வரிச் சலுகையும் உண்டு. 1990-ஆம் ஆண்டு முதல் அவற்றின் இயந்திர அளவு 660 கன செண்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அளவைக் கூட்ட இயலாத இடத்தில் டர்போ கைகொடுத்தது; 64 குதிரைத்திறன் என்பது அங்கே உற்பத்தியாளர் தமக்குள் வகுத்துக்கொண்ட உச்ச வரம்பு. காஞ்சிலின் மூலமான டைஹட்சு மிராவிலும் இத்தகைய டர்போ வகை இருந்தது. அவ்வாறே புரோட்டோன் வீராவின் மூலம் மிட்சுபிஷி லான்சர்; அதன் டர்போ வகைகளில் 4ஜி93 என்னும் 1.8 லிட்டர் இயந்திரமும், எவல்யூஷன் வகையில் 4ஜி63 என்னும் 2 லிட்டர் இயந்திரமும் இருந்தன.

ஜப்பானில் வண்டிச் சோதனைச் செலவு மிகுதி. ஆகவே நல்ல நிலையிலுள்ள வண்டிகளும் விரைவில் கழிக்கப்படுகின்றன. அவற்றை நடுவே அறுத்து, இயந்திரமுள்ள முன்பாதியை மட்டும் கப்பலேற்றி மலேசியாவுக்குக் கொண்டுவரும் வாணிகம் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. இதனையே ஹாஃப் கட் என்பர். 2009-ஆம் ஆண்டின் மோட்டார்க் கொள்கைத் திருத்தத்தில் பழைய உதிரிப் பொருள் இறக்குமதியைத் தடுக்கப்போவதாக அரசு அறிவித்தபோது வணிகர் எதிர்த்தனர், தடை தள்ளிவைக்கப்பட்டது.

இந்தப் பாதி வண்டிதான் மலேசியச் சிறு முதலாளரின் டர்போ வரலாற்றை வகுத்தது எனலாம். காரணம் விலை மட்டுமன்று. முன்பாதியில் டர்போ தனித்து வருவதில்லை; அதன் அழுத்தத்திற்கென வார்த்த பிஸ்டன், எண்ணெய்க் குழாய், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கியர் பாக்ஸ், மின்கம்பிகள், கட்டளையிடும் கணினி யாவும் ஒரே குடும்பமாக வருகின்றன. தொழிற்சாலைப் பொறியாளர் ஆண்டுக்கணக்கில் செய்த பொருத்தத்தை நாம் பழைய விலைக்குப் பெறுகிறோம். 2002-ஆம் ஆண்டில் கரம்ஜித் சிங், உற்பத்தி வண்டிகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றபோது ஓட்டிய புரோட்டோன் பெர்ட் வண்டியும் லான்சர் எவல்யூஷனின் வழிவந்ததே. வண்டியின் பெயர் புரோட்டோன் ஆயினும், உள்ளிருந்த பொருத்தம் மிட்சுபிஷியினுடையது.

ஒரு சிறு கணக்கு

தன் வண்டியின் பழைய இயந்திரத்திலேயே தனி டர்போவைப் பூட்ட விரும்புவோர் முதலில் தாளும் பென்சிலும் எடுக்க வேண்டும். 1,500 கன செண்டிமீட்டர் இயந்திரம் ஒன்றைக் கொள்வோம். நிமிடத்திற்கு 6,000 சுற்றில் அது சற்றொப்ப 3,800 லிட்டர் காற்றை இழுக்கும். எடையில் இது 10 பவுண்டு. நிமிடத்திற்கு ஒரு பவுண்டு காற்று ஏறத்தாழப் பத்துக் குதிரைத்திறனைத் தரும் என்பது தொழில் வழக்கு. ஆகவே டர்போ இன்றி அஃது 100 குதிரைத்திறன் அளவிலான இயந்திரம்.

இனி வளி அழுத்தத்தில் பாதியை மேலும் சேர்த்துத் திணித்தால் 150 குதிரைத்திறன் கிட்டும் என்று கடைக்காரர் கூறுவார். ஆனால் நம் கடலோர வெப்பம் 32 பாகை. அக்காற்றை ஒன்றரை மடங்கு அமுக்கினால், நல்ல டர்போவிலேயே அது 85 பாகை வரை சூடேறும். சூடேறிய காற்று விரிவதால், உண்மையில் கூடுவது 28 விழுக்காட்டளவே. இன்டர்கூலர் வைத்து 50 பாகைக்குக் குளிர்வித்தால் 40 விழுக்காடு வரை கூடும், தட்டலும் குறையும். குளிர்நாட்டு நூல்களில் இன்டர்கூலர் வசதியாகச் சொல்லப்படலாம். நம் நாட்டில் அது தேவை.

இக்கணக்கின்படி நமக்கு வேண்டியது நிமிடத்திற்கு 15 பவுண்டு காற்றைத் தரும் சிறு டர்போ. நண்பர் ஒருவர் 40 பவுண்டு தரும் பெரிய டர்போவை மலிவாகத் தருகிறார் என்றால் அது மலிவன்று. பெரிய சக்கரத்தைச் சுழற்ற மிகுந்த புகை வேண்டும். கால் அழுத்தியபின் வண்டி நெடுநேரம் சிந்தித்து, வளைவின் நடுவில் திடீரெனப் பாயும். நெடுஞ்சாலையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

தொழிற்சாலையின் அறிவையும் காண்க. புரோட்டோன் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் எக்சோரா வண்டியில் அறிமுகப்படுத்திய 1.6 லிட்டர் டர்போ இயந்திரம் 138 குதிரைத்திறன் உடையது. டர்போ இல்லாத முன்னைய இயந்திரமே 125 தந்தது. பதின்மூன்று குதிரைக்காகவா இவ்வளவு முயற்சி என்று தோன்றலாம். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் விசை 150-இலிருந்து 205 நியூட்டன் மீட்டராக உயர்ந்தது. அதுவும் 2,000 சுற்றிலேயே கிடைத்தது. மேட்டில் ஏறவும், பாரவண்டியை முந்தவும், குடும்பத்தோடு செல்லவும் உதவுவது இவ்விசையே.

எண்ணெயின் எண்

போர்ட்டிக்சன் கரையில் 1960-களின் தொடக்கத்திலேயே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன: ஒன்று ஷெல், மற்றொன்று எஸ்ஸோ. பின்னாளில் எஸ்ஸோ ஆலை 2012-இல் பெட்ரோன் வசமும், ஷெல் ஆலை 2016-இல் ஹெங்யுவான் வசமும் சென்றன. பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் என ஒன்று உண்டு. அது தட்டலை எதிர்க்கும் ஆற்றலைக் குறிப்பது. மலேசியாவில் 2009 செப்டம்பர் முதல் 92 எண் பெட்ரோலுக்கு மாற்றாக 95 எண் வந்தது. 97 எண்ணும் விற்கப்படுகிறது, விலை கூடுதல்.

டர்போவின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட உயர்ந்த எண் வேண்டும். 97-க்கெனச் சரிசெய்த இயந்திரத்தில் மாதக் கடைசியில் 95-ஐ ஊற்றுவது, ஜெட்ஃபயரின் தொட்டியை நிரப்பாமல் விட்டதற்கு ஒப்பாகும். சாபின் மின்னணுக் காவலும் இல்லாவிட்டால் அதனினும் கொடிது. ஆதலால் குறைந்த வருவாயுடையோர் தொடக்கத்திலேயே 95-க்குப் பொருந்தும் தாழ்ந்த அழுத்தத்தை வரம்பாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பணத்தின் வரிசை

வரலாறு காட்டும் வழியில் செலவை வரிசைப்படுத்தினால், டர்போ முதலிடத்தில் நிற்பதில்லை. முதலில் இயந்திரத்தின் உடல்நலம்: நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சமமாக உள்ளதா, ரேடியேட்டர் தூய்மையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பிரேக்கும் டயரும். கூட்டிய வேகத்தை நிறுத்த இயலாதவன் அதனைக் கூட்டக் கூடாது. மூன்றாவது எரிபொருள் பம்பும் கணினிச் சீரமைப்பும். காற்றை மிகுத்து எண்ணெயை மிகுக்காவிட்டால் பிஸ்டன் உருகும். நான்காவதாகவே டர்போ. பழைய டர்போவை வாங்குவோர், தண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா, சக்கரம் உறையில் உரசிய தடம் உண்டா, குழாயில் எண்ணெய் கசிந்துள்ளதா என்று நோக்குக. அத்தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே சுழல்வதால், எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதும், கடிய ஓட்டத்தின்பின் உடனே இயந்திரத்தை நிறுத்தாமல் சிறிது நேரம் ஓடவிடுவதும் அதன் ஆயுளைக் காக்கும்.

சட்டத்தையும் கணக்கிற் கொள்க. இயந்திரத்தை மாற்றினால், ஒப்புதல் பெற்ற சோதனை நிலையத்தில் காட்டி, சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவிலும் மாற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். மேற்கு மலேசியாவில் சாலை வரி இயந்திர அளவைக் கொண்டே விதிக்கப்படுகிறது. 1,000 கன செண்டிமீட்டர் வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,401 முதல் 1,600 வரை 90 வெள்ளி. 1,800-ஐத் தாண்டினால் 280 வெள்ளிக்கு மேல். டர்போ பூட்டினால் இயந்திர அளவு மாறுவதில்லை, ஆனால் 1.5 லிட்டர் வண்டியில் 1.8 லிட்டர் இயந்திரத்தை இறக்கினால் வரி மும்மடங்காகும். பதிவில் காட்டாமல் ஓட்டுவோர் சேமிப்பது சில நூறு வெள்ளி. விபத்து நேர்ந்து காப்புறுதி மறுக்கப்பட்டால் இழப்பதோ குடும்பத்தின் எதிர்காலம்.

முடிவாக ஒன்று. தன் வண்டிக்கு இனமான, முழுமையான டர்போ இயந்திரம் கிடைக்குமாயின் அதுவே சிறு முதலாளருக்கு ஏற்றது. கிடையாவிடில் சிறிய டர்போ, தாழ்ந்த அழுத்தம், நல்ல குளிர்விப்பு என்னும் மூன்றோடு அமைக. இரண்டிற்கும் பணம் போதாதாயின், பிரேக்கையும் டயரையும் புதுப்பித்துக்கொண்டு இன்னும் ஓராண்டு பொறுத்திருத்தல் நன்று. கருத்தைக் கண்டவரான பியூக்கியே உலோகம் ஒத்துவரும் வரை இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தார். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்ததும் இதற்கு வேறானதன்று.